தீப்பொறி மன்னர் ராபர்ட் பாஷ்

கைக்குள் அடங்கும் கார் ஒன்று உண்டு. குழந்தைகள் உருட்டி விளையாடும் கார் அல்ல அது. உண்மையான காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி கார். நான்கு மீட்டர் நீளமுள்ள கார், 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு வந்துவிடும்.

இந்த மாதிரி கார்களைச் செய்வதில் பைத்தியமாக இருப்பவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். கடையில் பெட்டி கிடைக்கும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். எடுத்து ஒட்டினால் கார் தயார். ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் மொட்டையாக நிற்கும். ஏதோ குறைகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

குறைவது என்ன? வயர்கள்!

கைதேர்ந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவது இல்லை. ஊசி போன்ற துளைக்கருவியால் எஞ்சினில் ஓட்டை போடுவார்கள். உண்மைக் காரில் 7 மில்லிமீட்டர் பருமன் உள்ள வயர், இங்கே கால் மில்லிமீட்டருக்குச் சற்றுத்தான் அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு, சிலிண்டருக்கு ஒன்றாக அதைச் செருகுவார்கள். எந்த வயர் எந்த சிலிண்டருக்கு என்பதில் பிசகு வந்தால், விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சரியாக அமைந்துவிட்டாலோ, செத்துக் கிடந்த எஞ்சினுக்கு உயிர் வந்தது போல இருக்கும்.

உண்மைக் காருக்கும் அந்த வயர்கள்தான் உயிர். அவற்றின் வழியாகத்தான் எஞ்சினுக்குள் தீப்பொறி போகிறது. அந்தத் தீப்பொறியைத் தவறாமல் வரச் செய்து, அதனாலேயே பெரும் செல்வர் ஆனவர் ஒருவர் உண்டு. ஜெர்மனி நாட்டு ராபர்ட் பாஷ்தான் அவர்.

காரைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. எஞ்சினைக் கண்டுபிடித்தவரும் அல்ல. அவர் பெயரால் உலகப் புகழ் பெற்ற கருவியைக்கூட முதலில் கண்டுபிடித்தவர் வேறு. பிறகு எப்படி அவருக்கு இவ்வளவு பெருமை?

பதினொன்றாவது பிள்ளை

ஜெர்மனியின் தென்பகுதியில் உல்ம் என்று ஒரு நகரம். அதன் அருகே ஆல்பெக் என்ற சிற்றூர். அங்கே 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ராபர்ட் பாஷ் பிறந்தார்.

தந்தை செர்வாஷியஸ் பாஷ் நிலபுலம் உள்ளவர். ஊரில் ஒரு சத்திரமும் நடத்தி வந்தார். வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு, தங்கிப் போவார்கள். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். ராபர்ட் பதினொன்றாவது பிள்ளை.

தந்தை நிறையப் படித்தவர், தாமாகச் சிந்திப்பவர். நியாயம் என்று பட்டதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தக் குணம் பிள்ளையிடமும் ஒட்டிக்கொண்டது.

1869-ல் தந்தை நிலத்தையும் சத்திரத்தையும் விற்றுவிட்டு, குடும்பத்துடன் உல்ம் நகருக்குக் குடிபோனார். ராபர்ட் அங்கே பள்ளிக்கூடத்தில் படித்தான். படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. செடி கொடிகள், பிராணிகள் மீதுதான் ஆசை. ஆனாலும் தந்தை அவனைத் தொழில் கற்க அனுப்பினார். நுண்கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் 1876-ல் சேர்ந்தான்.

அந்தப் பட்டறை முதலாளி சரியாக வேலை கற்றுத்தரவில்லை. பையன்களைக் கவனிப்பதும் இல்லை. மூன்று வருடம் அங்கே கழிந்தது. அந்தக் கசப்பு ராபர்ட்டின் மனதைவிட்டுப் போகவே இல்லை. பின்னாளில் தாம் முதலாளி ஆனபோது, தொழில் கற்க வரும் பையன்களுக்கு ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

கடல் கடந்த தொழிலாளி

பட்டறையை விட்டு வெளியே வந்த ராபர்ட், ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். ஸ்டட்கார்ட், நியூரம்பர்க் என்று பல நகரங்கள், பல தொழிற்சாலைகள். மின்சாரம் என்ற புதுச் சக்தி அப்போதுதான் உலகத்தில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. தமக்கு அதில் அறிவு போதாது என்று ராபர்ட்டுக்குத் தெரிந்தது. ஸ்டட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சில மாதம் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

1884-ல் கப்பல் ஏறினார். அமெரிக்கா போனார். மின்சார விளக்கால் புகழ் பெற்ற எடிசனின் தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை செய்தார். அடுத்த வருடம் இங்கிலாந்து போய், சீமென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

அமெரிக்காவில் தொழிலாளர் படும் பாட்டை அவர் நேரில் கண்டார். வேலை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் தெரு. அங்கே ஒரு தொழிலாளர் சங்கத்தில் அவரும் உறுப்பினராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களுக்கு வித்து அப்போதே விழுந்துவிட்டது.

ஒரு பட்டறை, ஒரு சைக்கிள்

தாய்நாடு திரும்பிய பாஷ், 1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி ஸ்டட்கார்ட் நகரில் சொந்தப் பட்டறை திறந்தார். வயது 25. தந்தை வழியில் கிடைத்த 10,000 மார்க் பணம்தான் மூலதனம். கூட ஒரு தொழிலாளி. எடுபிடிக்கு ஒரு பையன். அவ்வளவுதான். அடுத்த வருடம் அன்னா கைசர் என்ற பெண்ணை மணந்தார்.

கிடைத்த வேலையை எல்லாம் பட்டறை செய்தது. டெலிபோன் போட்டார்கள். மின்சார மணி மாட்டினார்கள். இடிதாங்கி வைத்தார்கள். பாஷ் ஒரு சைக்கிள் வாங்கி, வாடிக்கைக்காரர் வீடுகளுக்கெல்லாம் அதில் போய் வந்தார். ஆட்கள் செய்த வேலையைத் தாமே போய்ப் பார்ப்பார். சரியாக இல்லை என்றால் பிரித்துத் திரும்பச் செய்யச் சொல்வார்.

ஆனால் வருமானம் நிலையாக இல்லை. ஸ்டட்கார்ட்டுக்கு மின்சார நிலையம் வரப்போகிறது என்று நம்பி, ஆட்களையும் கருவிகளையும் சேர்த்தார். மின்சார நிலையம் வருவது தள்ளிக்கொண்டே போயிற்று. கடன் ஏறியது. சுற்றத்தார் ஜாமீன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1892-ல் நிலைமை மிகவும் மோசமாகி, தம்மிடம் இருந்த தொழிலாளர்களில் பெரும்பாலோரை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை இல்லாதவன் படும் பாட்டை அமெரிக்காவில் கண்டு மனம் நொந்தவர், அதே நிலைக்குத் தம் ஆட்களைத் தள்ள நேர்ந்தது!

அந்த இருண்ட நாட்களில் பட்டறைக்குக் கைகொடுத்தது ஒரு சின்னக் கருவி.

தீப்பொறி எங்கே?

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லும் முன், எஞ்சின் ஓடும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் மேலே வந்து அதை அமுக்கும். அமுக்கி முடிகிற அந்த நொடியில் ஒரு தீப்பொறி வேண்டும். பொறி பட்டதும் கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளலில்தான் சக்கரம் சுற்றுகிறது. பொறி முந்தி வந்தாலும் கெடுதல். பிந்தி வந்தாலும் கெடுதல். வராமலே போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

முதல் கார்கள் வந்த காலத்தில் இந்தப் பொறிதான் எல்லோருக்கும் தலைவலி. டைம்லர் தம் எஞ்சினில் ஒரு சிறு குழாயை வைத்து, வெளியே விளக்கு எரியவிட்டு அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினார். பலமாகக் காற்று அடித்தால் விளக்கு அணைந்துவிடும். பெட்ரோலுக்குப் பக்கத்தில் திறந்த நெருப்பு வேறு! கார்ல் பென்ஸ் பாட்டரியை நம்பினார். ஓட ஓட பாட்டரியில் மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும் வழி அன்று வண்டியில் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் பாட்டரி தீர்ந்துவிடும். எல்லாப் பிரச்சினைகளிலும் பெரிய பிரச்சினை இதுவே என்று பென்ஸ் கருதினார்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதுதான் மாக்னெட்டோ.

சைக்கிள் டைனமோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். பாட்டரி வேண்டாம். மாக்னெட்டோவும் அந்த இனம்தான். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும். எஞ்சின் ஓடும் வரை மின்சாரமும் வந்துகொண்டிருக்கும்.

1887-ல் ஒரு எஞ்சின் உற்பத்தியாளர் பாஷிடம் வந்தார். ஷோர்ண்டார்ஃப் என்ற ஊரில் டாய்ட்ஸ் கம்பெனி எஞ்சின் ஒன்றில் மாக்னெட்டோ இருக்கிறது, அதைப் போல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். பாஷ் நேரில் போய்ப் பார்த்தார். அந்தக் கருவிக்குக் காப்புரிமைத் தடை ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே வேலையில் இறங்கினார். குறைகளைத் திருத்தி, நன்றாகச் செய்து கொடுத்தார். இன்னொருவர் கேட்டார். பிறகு மற்றொருவர். ஒரே இடத்தில் நின்று ஓடும் எஞ்சின்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் காருக்கு?

மூன்று சக்கர வண்டியின் சவால்

1897-ல் பிரெடரிக் சிம்ஸ் என்ற ஆங்கில வியாபாரி ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியை பாஷின் பட்டறைக்குக் கொண்டு வந்தார். பிரான்சில் செய்த டி டியோன் வண்டி அது. இதற்கு மாக்னெட்டோ பொருத்த முடியுமா என்று கேட்டார்.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்றால், நிமிஷத்துக்கு 900 பொறி! விநாடிக்குப் பதினைந்து! பாஷின் மாக்னெட்டோ அந்த வேகத்தைக் கனவிலும் கண்டதில்லை. அதில் இருந்த கம்பிச்சுருள் கனமானது. அதை இங்கும் அங்கும் ஆட்டித்தான் மின்சாரம் எடுத்தார்கள். அவ்வளவு வேகத்தில் ஆட்டினால் கருவி உடைந்து போகும்.

பட்டறையில் அர்னால்டு ஸேரிங்கர் என்ற தலைமைத் தொழிலாளி இருந்தார். அவர் ஒரு யோசனை சொன்னார். கனமான சுருள் ஏன் அசைய வேண்டும்? அது சும்மா இருக்கட்டும். அதைச் சுற்றி இலேசான ஓர் உலோக உறையை மட்டும் அசைத்தால் என்ன?

செய்து பார்த்தார்கள். பொறி பறந்தது! மூன்று சக்கர வண்டி ஓடியது!

சேதி பரவியது. டைம்லர் கம்பெனியும் பாஷின் கருவியைத் தன் வண்டிகளில் சோதித்துப் பார்த்தது. சிம்ஸும் பாஷும் சேர்ந்து லண்டனில் விற்பனை நிலையம் திறந்தார்கள். அடுத்து பாரிஸில் திறந்தார்கள். 1903-ல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கார் பந்தயத்தில் ஜெனாட்ஸி என்பவர் மெர்சிடிஸ் காரை ஓட்டி வெற்றி பெற்றார். அந்தக் காரில் இருந்தது பாஷின் பற்றவைக்கும் கருவி.

வயர் பிறந்த கதை

இவ்வளவு வெற்றி வந்தும் பாஷுக்குத் திருப்தி இல்லை. காரணம், அந்தக் கருவியில் இன்னும் ஒரு சங்கடம் இருந்தது.

அந்த மாக்னெட்டோவில் வந்த மின்சாரம் குறைந்த அழுத்தம் உள்ளது. அது தானாகத் தாவாது. சிலிண்டருக்குள் இரண்டு உலோக முனைகளைச் சேர்த்து வைத்து, சரியான நேரத்தில் அவற்றைப் பிரிக்க வேண்டும். பிரியும்போதுதான் பொறி வரும். பிரிப்பதற்குக் கம்பிகளும் நெம்புகோல்களும் வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் அவை மாறும். சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

இதைவிட எளிய வழி வேண்டும் என்று பாஷ் சொல்லி, அந்த வேலையை காட்லோப் ஹோனால்டு என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். ஹோனால்டு வெளியார் அல்ல. சிறு பையனாக பாஷின் பட்டறையில் தொழில் கற்றவர். பிறகு கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

சில மாதங்களில் ஹோனால்டு வழி கண்டார். ஒரே சுருளில் இரண்டு கம்பிகளைச் சுற்றினார். ஒன்று பருமனான கம்பி, சில சுற்று. மற்றொன்று மெல்லிய கம்பி, பல சுற்று. முதல் கம்பியில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால், இரண்டாவது கம்பியில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் பிறக்கும். அவ்வளவு அழுத்தம் உள்ள மின்சாரம் சும்மா இருக்காது. இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். குதிக்கும் இடத்தில் பொறி!

இனிமேல் சிலிண்டருக்குள் அசையும் முனைகள் வேண்டாம். நெம்புகோல் வேண்டாம். சிலிண்டரின் தலையில் ஒரு ஸ்பார்க் பிளக்கைத் திருகினால் போதும். மாக்னெட்டோவிலிருந்து அந்தப் பிளக்குக்கு ஒரு வயர் போட்டால் போதும். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு வயர். ஆறு என்றால் ஆறு. நடுவில் சுழலும் ஒரு துண்டு, பந்தியில் பரிமாறுகிறவரைப் போல, ஒவ்வொரு வயருக்கும் முறைவைத்து மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். ஆனால் இந்தப் பந்தியில் வரிசை நேர்வரிசை அல்ல. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற முறைதான். அப்போதுதான் எஞ்சின் அதிராமல் ஓடும். மாதிரி கார் செய்கிறவர்கள் வயரை எண்ணி எண்ணிச் செருகுவது இதனால்தான்.

1902-ம் ஆண்டு ஜனவரியில் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கார்த் தொழில் முழுவதும் பாஷ் பக்கம் திரும்பியது. 1901-ல் பாஷிடம் வேலை செய்தவர்கள் 45 பேர். 1906-ல் அவருடைய தொழிற்சாலையிலிருந்து 1,00,000-வது மாக்னெட்டோ வெளிவந்தது. 1912-ல் பத்து லட்சமாவது மாக்னெட்டோ! விற்பனையில் பெரும்பகுதி வெளிநாடுகளில் நடந்தது.

வேலை செய்தவர்கள் பலர். யோசனை சொன்னவர்கள் சிலர். பாஷ் செய்தது என்ன? எது போதும், எது போதாது என்பதை அவர் தீர்மானித்தார். தரம் குறைந்த சரக்கு தம் பெயரோடு வெளியே போகக் கூடாது என்று காவல் இருந்தார். பணத்தை இழந்தாலும் இழக்கலாம், வாடிக்கைக்காரரின் நம்பிக்கையை இழக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஆள் இல்லாத சாலையில் போகிறவன், ஒரு பொறியை நம்பித்தானே போகிறான்?

எட்டு மணி நேரம்

1906-ல் பாஷ் மற்றொரு காரியம் செய்தார். தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டு வந்தார். ஜெர்மனியில் தொழிலாளர்கள் பத்து மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1910-ல் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறையும் கொடுத்தார். கூலியும் மற்ற இடங்களைவிட அதிகம். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள கூடங்களைக் கட்டினார்.

மற்ற முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. சிவப்பு பாஷ் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

இதில் இரக்கம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. களைத்தவன் கை தடுமாறும். தடுமாறிய கை செய்த மாக்னெட்டோ வழியில் நிற்கும். எட்டு மணி நேரம் நன்றாக வேலை செய்கிறவனே லாபம் என்று பாஷ் கண்டார். இரண்டு முறை ஆட்களை வைத்து, இயந்திரங்களையும் அதிக நேரம் ஓட்டினார்.

சிக்கனத்தில் மட்டும் அவர் மாறவே இல்லை. வீணாக எரியும் விளக்கைக் கண்டால் அணைத்துவிடுவார். தரையில் கிடக்கும் காகிதக் கிளிப்பைக்கூட எடுத்துக் கொடுத்துக் கண்டிப்பார். கோடீசுவரர் கிளிப் பொறுக்கிய கதையை அங்கே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால், நல்ல முதலாளிக்கும் சோதனை வந்தது. 1913-ல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம்! ஆட்களை நீக்கியது பற்றித் தொடங்கிய தகராறு முற்றியது. பாஷ் தொழிற்சாலையை மூடினார். வாரக்கணக்கில் கதவு திறக்கவில்லை. தம்முடைய ஆட்களே தம்மை எதிர்த்து நின்றது அவர் மனதைப் புண்படுத்தியது. அதுவரை சேர மறுத்து வந்த முதலாளிகள் சங்கத்தில் அப்போது சேர்ந்துவிட்டார். தொழிலாளர்களோ, முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தங்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்றார்கள். இரு பக்கமும் காயப்பட்டது. இருந்தும் எட்டு மணி நேர வேலையை பாஷ் ரத்து செய்யவில்லை.

யுத்தப் பணம்

1914-ல் உலக யுத்தம் மூண்டது. ராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் மாக்னெட்டோ வேண்டும். பிரிட்டன் அதுவரை பாஷின் கருவிகளையே நம்பியிருந்ததால், அங்கே மாக்னெட்டோவுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்துவிட்டது. ஜெர்மனியில் பாஷுக்குப் பணம் கொட்டியது.

மனிதர்கள் மடியும்போது வருகிற பணத்தை வைத்துக்கொள்ள அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. யுத்தத்தில் வந்த லாபத்தை நற்காரியங்களுக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். நெக்கார் ஆற்றில் கப்பல் போகும்படி கால்வாய் அமைக்க 1916-ல் 1 கோடியே 30 லட்சம் மார்க் கொடுத்தார்.

இன்னொரு பக்கம் அடி விழுந்தது. அமெரிக்காவில் அவர் கட்டி வளர்த்த கம்பெனியை அந்த நாட்டு அரசாங்கம் எதிரிச் சொத்து என்று கைப்பற்றி விற்றுவிட்டது. அவருடைய பெயரிலேயே அங்கே வேறு ஒருவர் வியாபாரம் செய்தார். பாஷ் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பணம் போனால் வரும். போன மகன் வருவானா? தமக்குப் பிறகு தொழிலைப் பார்ப்பான் என்று அவர் நம்பியிருந்த மகன், தந்தையின் பெயரையே கொண்ட ராபர்ட், நரம்பைத் தாக்கும் நோயால் பல வருடம் படுக்கையில் கிடந்து 1921-ல் இறந்தான். அந்தத் துயரம் குடும்பத்தையே உலுக்கியது. 1927-ல் பாஷும் அன்னாவும் மணவிலக்குப் பெற்றார்கள். அதே வருடம் மார்கரெட் என்ற பெண்ணை பாஷ் மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள்.

தொழிலிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் பாட்டரி மூலம் பற்றவைக்கும் முறையைச் சீர்செய்திருந்தார். ஓடும்போதே பாட்டரியில் மின்சாரம் ஏறும் வழி வந்துவிட்டது. மாக்னெட்டோவைவிட அது மலிவு. பாஷ் தம் பழைய வெற்றியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1925-ல் அவரும் பாட்டரி முறைக்கு வந்தார். 1927-ல் டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் பாய்ச்சும் பம்புகளைச் செய்யத் தொடங்கினார். ஹாரன், கண்ணாடி துடைக்கும் வைப்பர், துளைபோடும் கருவி, குளிர்சாதனப் பெட்டி என்று தொழில் கிளைவிட்டது.

இருண்ட கடைசிக் காலம்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பாஷுக்கு அந்த ஆட்சி பிடிக்கவில்லை. ஜெர்மனியும் பிரான்சும் பகை மறந்து வாழ வேண்டும் என்று உழைத்து வந்தவர் அவர். அவருடைய கம்பெனியை நடத்திய ஹான்ஸ் வால்ஸும் மற்றவர்களும் யூதர்கள் தப்பிப் போக ரகசியமாகப் பண உதவி செய்தார்கள். பிற்பாடு, 1969-ல் இஸ்ரேல் நாடு அதற்காக வால்ஸைக் கௌரவித்தது. ஹிட்லரை எதிர்த்துச் சதி செய்து, 1945-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கோர்டலர், பாஷ் கம்பெனியின் ஆலோசகராக இருந்தவர்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே கம்பெனி ஹிட்லரின் படைக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுத்தது. யுத்த காலத்தில் சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். பல நாடுகளிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், சிறைப்பட்டவர்கள் அவர்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பெயர் பெற்ற தொழிற்சாலையில், விருப்பமில்லாத கைகள் வேலை செய்தன. அந்தக் கறை இன்றும் அழியவில்லை.

1940-ல் ஸ்டட்கார்ட்டில் பாஷின் பணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1942-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி, 80-வது வயதில், ராபர்ட் பாஷ் காலமானார். அவர் வெறுத்த அரசாங்கமே அவருக்கு அரசு மரியாதையுடன் சவ அடக்கம் நடத்தியது!

மிஞ்சியது

தம் செல்வம் பொதுநலத்துக்குப் பயன்பட வேண்டும் என்று பாஷ் உயில் எழுதி வைத்திருந்தார். 1964-ல் கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்கு வந்தது. இன்று நூற்றுக்குச் சுமார் 94 பங்கு அதனிடம்தான் இருக்கிறது. கம்பெனியின் லாபத்திலிருந்து அறக்கட்டளைக்கு வரும் பணம் வைத்தியத்துக்கும் கல்விக்கும் போகிறது.

நம் நாட்டு லாரி டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் மைக்கோ என்ற பெயர் நன்றாகத் தெரியும். 1951-ல் பாஷ் கம்பெனியின் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலைதான் அது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்றே மாறியது.

புதிய கார்களில் பழைய வயர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிச் சுருள் உட்கார்ந்துவிட்டது. மின்சாரக் காருக்குப் பொறியே தேவையில்லை. நீள நீளமான அந்த வயர்கள் பழைய வண்டிகளிலும், மாதிரி கார் செய்கிறவர்களின் மேஜை மீதும்தான் மிஞ்சி இருக்கின்றன.

அங்கே யாரோ ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து, ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று எண்ணி வயரைச் செருகிக்கொண்டிருப்பார். அந்த எஞ்சின் ஓடப்போவது இல்லை. அதில் பொறி வரப்போவதும் இல்லை. வயர் மாறிப் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இருந்தும் பிசகினால் பிரித்துவிட்டுத் திரும்பச் செருகுகிறார். சைக்கிளில் வந்து இறங்கி வேலையைப் பார்வையிட்ட அந்த ஸ்டட்கார்ட் முதலாளி இருந்தால், அதையேதான் செய்யச் சொல்லியிருப்பார்.